ஆறு காதுகள் அளித்த தீர்ப்பு

ஜூன் 3

பாம்புக்காதுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்பதை உன் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். மனைவி ஊர் போய்ச் சேர்ந்த செய்தி மைத்துனன் வழியாக வரும் நிலை எந்தக் கணவனுக்கும் வரக்கூடாது என்று எழுத நினைத்தேன். எனக்கு வந்துவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், வேண்டுமானால் எழுதட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். எழுதுகிறேன். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பான்.

நீ சொன்ன அந்தக் கீச்சொலி இப்போதும் நம் வீட்டில் இல்லை. நீ போன பிறகு ஒவ்வொரு அறையாக நின்று கேட்டேன். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. சுவர்க் கடிகாரம் நொண்டுகிறது. மாடிவீட்டுக்காரர் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறார். இவை எல்லாம் எனக்குக் கேட்கின்றன. ஒரு கம்பி மயிரிழை தளர்ந்தாலும் பக்கத்து அறையிலிருந்தே சொல்கிறவன் நான். என் வீட்டிலேயே ஒரு சத்தம் ஓராண்டாகக் குடியிருந்து, அது எனக்குத் தெரியாமல் இருக்குமா?

எங்கள் சுருதி சேர்ப்போர் சங்கத்தார் வந்ததில் உனக்கு அவமானம் என்று உன் தம்பி சொன்னான். எனக்கு இது விளங்கவே இல்லை. இரண்டு பேருக்குள் சுருதித் தகராறு வந்தால், மூன்று உறுப்பினர்கள் அந்த இடத்துக்கே வந்து, கதவைச் சாத்தி, அரைமணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்பு சொல்வது எங்கள் வழக்கம். பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்று அமர்வு முழுவதையும் நாடாவில் பதிவு செய்வோம். பெரிய அரங்கங்களே மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் மரியாதையை நம் வீட்டுக் கூடத்துக்கு நான் ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்தேன். நீ அன்றிரவே பெட்டி கட்டினாய்.

தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் அந்த ஊர் நூலகத்திலேயே நிரந்தரமாக இருக்கிறாயா, திரும்பி வருகிறாயா என்று மாதக் கடைசிக்குள் நீ சொல்ல வேண்டுமாமே. அவசரப்படாதே.

இன்னும் உன் கணவன்தான்.


ஜூன் 9

என்னங்க,

கடிதம் கிடைத்தது. அதில் நீங்கள் எதையெல்லாம் கேட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பின்னால் கயிற்றுக் கடை ஒன்றின் மேல்மாடியில் அறை. படிக்கட்டெல்லாம் தார் வாசனை. காலையில் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்று, உள்ளே வரலாமா என்று யோசிக்கிறது. மொட்டைமாடியில் துணி காயப்போட நீளமாக ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள். துணி இல்லாத நேரத்தில் அதைச் சுண்டிவிட்டுக் காதைத் தூணில் வைத்துக் கேட்கிறேன். நடுவில் விரலை லேசாக வைத்து எடுத்தால் அதே சுரம் ஒரு படி மேலே போய் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் இன்னும் மேலே. இதெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்தது, மறக்கவில்லை. ஒரே கம்பி முழுசாகவும் ஆடும், பாதி பாதியாகவும் ஆடும், மூன்றாகவும் நான்காகவும் ஆடும், எல்லாம் ஒரே சமயத்தில் என்று சொன்னீர்கள். அன்று அதைக் கேட்டபோது, ஒரு மனுஷிக்கும் அப்படித்தானே என்று தோன்றியது. சொல்லவில்லை.

சங்கத்தாரைப் பற்றி எழுதுகிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் நல்லவர்கள். மூவரும் தேநீரில் சர்க்கரை குறைவாகக் கேட்டார்கள். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொருளாளர் நடுவில் தூங்கிவிட்டார். குறட்டை வந்தது. அது தீர்ப்பைப் பாதிக்கவில்லை என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். அரைமணி கழிந்ததும் தலைவர் எழுந்து என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா. நல்லா தூங்குங்க, சரியாயிடும்" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள்.

அந்தச் சத்தத்தை நான் பொறுத்திருப்பேன். அது அப்படி ஒன்றும் பெரிதல்ல. ஊசி நுனியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு புள்ளி மின்னுமே, அதைக் காதால் பார்ப்பது மாதிரி. கண்ணை மூடினாலும் அந்தப் புள்ளி அங்கேயே இருக்கும். ஓராண்டு பொறுத்தேன். "சரியாயிடும்" என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தொலைபேசி வேண்டாம் என்றது கோபத்தில் அல்ல. அது உங்கள் குரலின் அடியையும் நுனியையும் நறுக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் கொண்டுவருகிறது. நீங்கள் முறைப்பாக இருக்கிறீர்களா, பயந்திருக்கிறீர்களா என்பது நுனியில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
இல்லாத சத்தத்தைக் கேட்பவள்.


ஜூன் 14

பாம்புக்காதுக்கு,

நுனி போவது சரி. அடியைப் பற்றி நீ எழுதியதில் ஒரு திருத்தம். என் குரலின் அடிச்சுரம் தொலைபேசிக் கம்பியில் வருவதே இல்லை, உண்மைதான். ஆனால் அதன்மேல் அடுக்கியிருக்கும் மேற்சுரங்கள் வருகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து, கீழே என்ன இருந்திருக்க வேண்டும் என்று காது தானே கணக்குப்போட்டு அந்தச் சுரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இத்தனை வருடம் தொலைபேசியில் நீ கேட்டாயே என் குரல், அதன் அடிப்பாகம் நான் அனுப்பியதல்ல. நீயே செய்துகொண்டது.

இப்போது மழைக்கால ஈரம். வாசலில் குடை விரித்தே கிடக்கிறது. நேற்று பகலில் நம் பியானோவின் முன் உட்கார்ந்திருந்தேன். நீ முன்பு வேலை பார்த்த நூலகத்தின் படிப்பறைப் பியானோவுக்கு நான் முதன்முதலாக வந்த நாள் நினைவுக்கு வந்தது. மேலே ஒரு கட்டையைச் சத்தம் வராமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே ஒன்றைத் தட்டி நிறுத்தினேன். தட்டிய கம்பி அடங்கிவிட்டது, தட்டாத கம்பி பாடிக்கொண்டிருந்தது. நீ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் நின்று, "அதைத் தொடவே இல்லையே, அது ஏன் பாடுது?" என்றாய். கூப்பிட்ட குரலில் தன் சுரமும் இருந்தால் பக்கத்துக் கம்பி சும்மா இருக்காது என்றேன். நீ ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாய். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. ஏழாவதை நீயாகவே கண்டுபிடித்தாய். அது எந்தக் கட்டையின் சுரத்தோடும் ஒட்டாது, கொஞ்சம் கீழேயே நிற்கும். "பாவம், இதுக்கு உட்கார இடம் இல்ல" என்றாய். அன்றுதான் உனக்கு இந்தப் பெயரை வைத்தேன். உன் காதை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே.

ஆனால் மதிப்பு வேறு, உண்மை வேறு. அமர்வின் நாடாவைச் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் ஒரு பிரதி எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீயே போட்டுக் கேள். அரைமணி நேரமும் சுத்தமான நிசப்தம். குறட்டை நீங்கலாக.

சாப்பிடுகிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும்.


ஜூன் 17

என்னங்க,

நாடா அனுப்ப வேண்டாம். நிசப்தம் இங்கேயே நிறைய இருக்கிறது.

நல்லா தூங்குகிறேன். சரியாகிவிட்டது. தலைவரிடம் சொல்லுங்கள்.


ஜூன் 21

பாம்புக்காதுக்கு,

உன் சீட்டு கிடைத்த அன்றுதான் நாடாவும் கிடைத்தது. உனக்கு அனுப்பவில்லை. காரணத்தை முறையாகச் சொல்கிறேன்.

பிரதி எடுக்க உன் தம்பி வேலை செய்யும் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனேன். அவன் நாடாவை மாட்டி ஓடவிட்டான். உள்ளேயிருந்து ஓர் எருமை பேசுவது போல ஒரு குரல் வந்தது. "ஒஓஓ... ண்ண்ணுஉஉ... ம்ம்ம்..." தலைவர்தான்.

"ஐயோ, பாதி வேகத்துல ஓடுது மாமா. இருங்க, மாத்தறேன்" என்று கையை நீட்டினான்.

"மாத்தாதே" என்றேன்.

ஏனென்றால், தலைவரின் குரலுக்கு மேலே வேறொன்று கேட்டது.

நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, அதே வேகத்தில் முழுவதும் கேட்டோம். அரைமணி ஒரு மணியாயிற்று. நம் வீடு கடலடியில் கிடப்பது போலிருந்தது. நாற்காலி முனகுவது படகு கரை தட்டுவது போல. மூன்று பேரின் மூச்சு அலை போல. பொருளாளரின் குறட்டை தூரத்தில் மலை சரிவது போல. நீ சமையலறையில் டம்ளரை வைத்தாய். அது கோயில் மணி அளவுக்கு நின்று ஒலித்து, தன் மேற்சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு அடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஓர் இடத்திலும் அறுபடாமல், மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரி அது இருந்தது. நீ சொன்ன அதே புள்ளி. பாதி வேகத்தில் எந்தச் சத்தமும் ஒரு படி கீழே இறங்கும். அது எனக்காக இறங்கி வந்திருந்தது.

உன் தம்பி அதைக் கருவியில் அளந்தான். உண்மையான வேகத்தில் நொடிக்குப் பதினாலாயிரம் அதிர்வு. பிறகு, அந்தக் கருவி கையில் இருக்கும்போதே என் காதையும் அளந்துவிடலாம் என்றான். ஒன்பதாயிரத்தோடு நான் முடிந்துவிடுகிறேன். அதற்குமேல் அவன் விசையைத் திருப்புகிறான், முள் நகர்கிறது, அவன் முகம் சுளிக்கிறான். எனக்கு அறை அமைதியாக இருக்கிறது. ஐம்பத்துமூன்று வயதுக்கு இது குறைவே அல்ல மாமா என்றான். சங்கத்தில் நான்தான் இளையவன்.

"உனக்கு இந்தச் சத்தம் முன்னாலேயே கேக்குமா?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்கு வந்தாலே கேக்குமே மாமா."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க இந்தத் தொழில்ல இருக்கறவர். வேணும்னுதான் வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அன்று மாலையே அவனை வீட்டுக்கு அழைத்துவந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, மோப்பம் பிடிப்பவன் போல நடந்தான். நம் பியானோவின் முன் நின்றான். குனிந்தான். அடிப்பலகைக்குள் கையை விட்டு, "இதுதான்" என்றான்.

போன வருடம், கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் மின்சாரப் பெட்டி ஒன்றை நானே வாங்கி, நானே உள்ளே பொருத்தினேனே, நினைவிருக்கிறதா? அதுதான். மூன்று பேரும் முழங்கால் இடிக்கும் தூரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்துதான் தீர்ப்பு சொன்னார்கள்.

ப்ளக்கைப் பிடுங்கினேன். "நின்னுடுச்சு" என்றான். மாட்டினேன். "வந்துடுச்சு." பிடுங்கினேன். "நின்னுடுச்சு." வெகுநேரம் இப்படியே செய்துகொண்டிருந்தோம். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு இரண்டும் ஒன்றே.




ஜூன் 24

என்னங்க,

மூன்று தடவை படித்தேன். எருமைக் குரலில் சிரித்துவிட்டேன். கீழே கயிற்றுக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

நீங்கள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த ஒன்பதாயிரத்தைப் பற்றி. அது எனக்கு முன்பே தெரியும். எண் தெரியாது, விஷயம் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம். பின்பக்க ஜன்னலில் நின்றுகொண்டிருந்தோம். புதரில் பூச்சிகள் ஒரே இரைச்சல். அந்த வேளையில் எப்போதும் அப்படித்தான். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு என்ன இவ்ளோ அமைதியா இருக்கு? பூச்சியெல்லாம் எங்க போச்சு?" என்றீர்கள். "மழை வரப்போகுது போல. அதான் அடங்கிடுச்சு" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவும் இல்லை. பூச்சிகளே குறைந்துவிட்டன என்று முடிவு செய்துகொண்டீர்கள். ஒரு நாள் யாரோ விருந்தாளியிடம் மருந்து அடிக்கிறார்கள், சுற்றுப்புறம் கெட்டுவிட்டது என்றுகூடப் பேசினீர்கள்.

நீங்கள் சுருதி சேர்க்கிற அரங்கத்துப் பியானோவின் வலதுகோடிக் கட்டைகளும் அதே காலத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறத் தொடங்கின. ரொம்ப இல்லை. கச்சேரியில் கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் மடியில் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருப்பேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காதுதான் உங்கள் கை, கால், எல்லாம். அதை நான் எடுத்துவிட்டால் நீங்கள் எதை வைத்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பீர்கள்?

உங்களுக்குக் கேட்காததை மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் நான் மூடிவைத்தேன். எனக்குக் கேட்டதை நீங்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து இல்லை என்றீர்கள். பெட்டி கட்டியது இதற்காக. கீச்சொலிக்காக யாராவது ஊரை விட்டுப் போவார்களா?

முப்பதாம் தேதி தலைமை நூலகரிடம் முடிவு சொல்ல வேண்டும். இன்னும் தெரியவில்லை.


ஜூன் 26

பாம்புக்காதுக்கு,

அன்று மழை வரவே இல்லை. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மறுநாளும் வரவில்லை.

உன் கடிதத்தை ஜன்னலில் வைத்துத்தான் படித்தேன். சாயங்காலம். வெளியே புதர் அசையாமல் நின்றது. அதில் இப்போது முழுக்கச்சேரி நடந்துகொண்டிருக்கும், இல்லையா? கதவு சாத்திய அரங்கின் வெளியே நிற்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். உள்ளே விளக்கு எரிவது மட்டும் தெரிகிறது.

சங்கத்தைக் கூட்டினேன். நாடாவைப் பாதி வேகத்தில் போட்டுக் காட்டினேன். தலைவர் தன் குரலைக் கேட்டு, அது தன்னுடையது இல்லை என்றார். பொருளாளர் குறட்டையை அடையாளம் கண்டுகொண்டு, அது செயலாளருடையது என்றார். நெடுநேரம் விவாதித்து ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள்: "மேற்படி சத்தம் உள்ளது. ஆயினும் அது சங்கத்தின் எல்லைக்கு உட்பட்டதல்ல." இதைவிட நேர்மையான தீர்மானத்தை எங்கள் சங்கம் இதுவரை போட்டதில்லை. வாசல்வரை வந்த தலைவர் என் கையைப் பிடித்து, மற்ற இருவருக்கும் கேட்காதபடி, "எனக்கு ஆறாயிரம்கூட இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். அவர் குரலில் நடுங்கியது நுனியில் இருந்திருக்கும். நான் ஊகித்துக்கொண்டேன்.

அரங்கத்துப் பியானோவுக்கு இந்த வாரம் சுருதி சேர்க்கும் முறை. கடைசிப் பன்னிரண்டு கட்டைகளைத் தொடாமல் விட்டு வந்திருக்கிறேன். அவற்றின் உச்சிக் கம்பி நாலாயிரத்துச் சொச்சத்தில் பாடுகிறது. அதன் இரண்டாவது மேற்சுரம்வரை எனக்கு வரும். மூன்றாவதிலிருந்து நான் வெளியே. இத்தனை நாள் பழக்கத்தில் கையைத் திருப்பியிருக்கிறேன். நீ கைக்குட்டையை மடித்திருக்கிறாய்.

பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். இல்லை, மாட்டி வைத்திருக்கிறேனோ? இன்று காலை கூட்டித் துடைத்த வேலைக்காரம்மா ப்ளக்கைத் தொட்டாளா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை. வீடு சத்தமாக இருக்கிறதா, அமைதியாக இருக்கிறதா என்று தெரியாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தொலைபேசியை அதன் பக்கத்தில் பிடித்து உன்னைக் கேட்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். நுனி வராதே.


ஜூன் 29

என்னங்க,

நேற்று இங்கே படிப்பறையில் புது விளக்குகள் மாட்டினார்கள். என்னோடு வேலை செய்கிற பெண், பத்தொன்பது வயசு, காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அக்கா, இந்த விளக்கெல்லாம் கத்துது. உங்களுக்குக் கேக்கல?"

அண்ணாந்து பார்த்தேன். கேட்டேன். நன்றாகக் கேட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்ல" என்பது நாக்குவரை வந்துவிட்டது. பாம்புக்காது என்று பெயர் வாங்கியவள், எனக்குக் கேட்காதது இருக்குமா என்ன! கணக்கரையும் காவலாளியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் மூன்று பேர் ஆகியிருப்போம். அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினேன். விழுங்கும்போது உங்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பெருமையாக, அன்பாக, துளிகூடச் சந்தேகம் இல்லாமல் தலையாட்டிக்கொண்டு நின்றீர்களே, அந்த முகம். அதில் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. சுவர் இருந்தது. முப்பத்தேழு வயதில் எனக்கும் ஒன்று எழும்பிவிட்டது, கொஞ்சம் தள்ளி.

"எனக்குக் கேக்கல. எப்படி இருக்குன்னு சொல்லேன்" என்றேன்.

"பல்லால நூலைக் கடிச்சு இழுக்கற மாதிரி இருக்குக்கா" என்றாள். எனக்கும் பல் கூசியது. கேட்காமலே.

இரவு மொட்டைமாடிக்குப் போய்க் கம்பியைச் சுண்டினேன். காதுக்கு எட்டும்வரை ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தேன். எட்டாத இடத்திலும் கம்பி ஆடிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு யார் கேட்கிறார்கள் என்ற கவலை கிடையாது. கீழே ஒரு படகு போனது. உங்கள் குரலின் அடிப்பாகத்தை நானே செய்துகொள்கிறேன் என்று எழுதினீர்களே, அது சரிதான். இங்கேயும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். வேலை அதிகம்.

தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை மாலை வண்டி. தம்பியை நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம், நீங்கள் வாருங்கள். கடைசிப் பன்னிரண்டு கட்டைகளை நான் பக்கத்தில் உட்காரும்வரை தொடாதீர்கள்.

அந்தப் பெட்டியின் ப்ளக்கை மாட்டியே வையுங்கள். நான் வந்து பிடுங்குகிறேன். பிடுங்கிவிட்டு, "நின்றுவிட்டது" என்று சொல்வேன். உங்களுக்கு முன்னால் கேட்டதுதான் பின்னாலும் கேட்கும். அப்போது யாரையும் கூப்பிடாமல், நாடா எதையும் ஓட்டாமல், "சரி" என்று சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் நான் கேட்பது.

சாயங்காலம் ஜன்னலில் நிற்போம். பூச்சிகள் தொடங்கியதும் சொல்கிறேன். அடங்கியதும் சொல்கிறேன். மழை வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.